எலுமிச்சைக் காணியில் கருவி கத்தியது

ஒக்ரோபர் 5, ஞாயிறு

ஷிரோக்கோ, தெற்கிலிருந்து வரும் மணல் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மஞ்சள் தூசி. திரும்பத் தோய்க்க வேண்டும்.

பூசை முடிந்து வந்தால் மேசையில் உலோகம் தேடும் கருவி ஒன்று. என் மனுசன் அன்ரன் பலாரோ சந்தையில் ஒரு மொரீசியஸ்காரரிடம் வாங்கினாராம், பழையது. நாணயம் தேடப் போகிறாராம். நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவுக்கு நகரத்துக்கு வெளியே ஒரு எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. இப்போது வெறும் பற்றைக் காணி. போய்த் தேடுங்கள் என்று சொல்லிவிட்டாவாம். என்னிடம் கேட்காமல் அவவிடம் கேட்டிருக்கிறார்.

கருவியை என் காப்புக்கு மேலே பிடித்துக் காட்டினார். அந்தச் சத்தம். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். கோபமா? தெரியவில்லை. தேவையில்லாமல் வெங்காயம் உரித்தேன்.

மன்னாரில், கலியாணம் கட்டி இத்தாலிக்கு வர முன், கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள் நான். அன்ரனுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கதைத்ததில்லை, அவ்வளவுதான்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

தலையிடி. சிஞ்ஞோராவின் திரைச்சீலை கழுவிக் கொழுவியது. வாங்க: பருப்பு, தேங்காய்ப்பால், சவர்க்காரம்.

சிஞ்ஞோரா கோப்பி குடித்தபடி சொன்னா, தன் தகப்பன் காலத்தில், உலக யுத்தத்தில், தோட்டத்துப் பக்கமெல்லாம் குண்டு போட்டார்களாம். மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னா. அன்ரனிடம் சொன்னேன். அது எப்பவோ என்றார்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

வெயில். காற்றில்லை.

போவதில்லை என்றுதான் இருந்தேன். ஏன் பஸ் ஏறினேன்?

காணியைச் சுற்றிவர மாடி வீடுகள். நடுவில் முள், பட்ட மரங்கள், உடைந்த தண்ணீர்த் தொட்டி. அன்ரன் தும்புத்தடியால் கூட்டுவதுபோல் கருவியை வீசினார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவர் கையிலிருந்து வாங்கினேன். கை தன்பாட்டில் மெதுவாகப் போனது. போத்தல் மூடி. ஆணி. பிறகு ஒரு நாணயம்! பச்சை பிடித்தது, ஏதோ ஒரு அரசனின் தலை. அன்ரன் சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கும் சந்தோசம். அந்தச் சத்தத்துக்குக் கீழே சந்தோசம் கிடக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

தொட்டியடியில் பெரிய சத்தம். அன்ரன் மண்வெட்டியால் கொத்த, துருப்பிடித்த, உருண்டையான இரும்பு தெரிந்தது.

"கொத்தாதேங்கோ," என்றேன். "வந்த வழியாலை பின்னுக்கு வாங்கோ."

தண்ணீர்க் குழாய் என்றார். இங்கே இருக்க விடும் பெர்மெசோ பத்திரத்தைப் புதுப்பிக்கக் கொடுத்து மறுமொழி வராத நேரம் பொலிசைக் கூப்பிட்டு வம்பு தேடுவதா என்றார். நியாயம்தான். ஆனாலும் கூப்பிட்டேன். இத்தாலியன் வாயில் வரவில்லை, குண்டுக்கு அவர்கள் சொல்லும் பொம்பா, பொம்பா மட்டும்.

வந்தார்கள். எங்களை ரோட்டுக்கு அனுப்பி நாடா கட்டினார்கள். பெயர், பெர்மெசோ விபரம் எழுதினார்கள். அனுமதியில்லாமல் பழைய பொருள் தேடக்கூடாதாம். கருவியும் நாணயமும் அவர்களிடம். பஸ்ஸில் அன்ரன் வேறு சீற்றில் இருந்தார்.

ஒக்ரோபர் 13, திங்கள்

மழை.

சிஞ்ஞோராவுக்குப் பொலிசிலிருந்து போன் வந்ததாம். குண்டு இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த பழைய பம்ப். சிஞ்ஞோரா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். பொலிஸ் குறை சொல்லவில்லையாம், கூப்பிட்டது சரி என்றார்களாம்.

வெட்கமா, ஆறுதலா? பம்பைப் போய்க் குண்டு என்றேனே. மன்னாரில் இப்படிப் பதறியதில்லை. அங்கே வெடி அகற்றினவளும் நான்தானா?

அன்ரனுக்குச் சோறு போட்டேன், முகம் பாராமல் சாப்பிட்டார்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

மழை விட்டது. துணி காயவில்லை.

அன்ரன் வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் கதிரையில் இருந்தார். பிறகு கேட்டார், இத்தனை வருசத்தில் முதல் தடவையாக:

"அங்கையும் இப்பிடித்தான் பதறினனீரோ?"

"இல்லை. அங்கை பயம் வரேல்லை."

"பிறகு இஞ்சை ஏன்?"

"அங்கை நீங்கள் பக்கத்திலை நிக்கேல்லையே."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அல்லது அதுவும் முழுக்கச் சரியில்லையோ. அவர் சப்பாத்தைக் கழற்றினார். எழும்பிப்போய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். சீனி கூடிவிட்டது. குடித்தேன்.