பாதை அடைத்த நாளில் தக்காளி

இன்று காலை கள்ளக்குறிச்சி மண்டியில், வெள்ளிமலையிலிருந்து வந்த நம் வண்டியின் தார்ப்பாயைப் பிரித்ததும் வெந்த தக்காளி வாடை மூக்கில் ஏறியது. மேலே மழைக்கு மூடியவர்கள் கீழே வெயிலில் திறக்க மறந்துவிட்டார்கள். நீங்கள் கூட வந்திருந்தால் அடிவாரத்திலேயே பாயைத் தூக்கிவிட்டிருப்பீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது.

பாறை சரிந்து மலைப்பாதை அடைத்துக்கொண்ட அந்த நாளை நினைத்துக்கொண்டேன். நம் வண்டிக்கு முன்னும் பின்னும் பேருந்துகள் நின்றன. வண்டியில் பாதி நாம் விலைகொடுத்து வாங்கிய தக்காளி. மீதி, மரவள்ளியை விட்டுவிட்டு முதல்முறையாகத் தக்காளி போட்ட மலைக்காரர் ஒருவருடையது. கமிஷனுக்கு விற்றுத்தர ஏற்றிய சரக்கு. வழியில் அழுகினால் நட்டம் அவரோடு என்பதுதான் மண்டி வழக்கம். கூடவே வந்த அவர் பெட்டிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது போனால் மறுபடி நட அவருக்கு வழியில்லை.

வழி திறக்க மறுநாள் ஆகும் என்றார்கள். மழையில் நனைந்த பழம் அதுவரை தாங்காது. பேருந்தில் வந்தவர்களிடமே விற்றுவிடலாம் என்று இறங்கினீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவருடைய பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கினீர்கள். கூடவே வந்திருந்த உங்கள் மனைவி எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம சரக்கும் அழுகிக்கினுதான இருக்குது? கண்ணு தெரியலீங்களா?"

"தெரியுது. நம்மளுது போனா வேற வண்டி ஏத்திக்கலாம். அவரு இன்னா பண்ணுவாரு?"

நம் பெட்டிக்கு வந்தபோது வாங்குகிறவர்கள் எல்லோரும் வாங்கி முடித்திருந்தார்கள். மறுநாள் நம் தக்காளியைச் சாலையோரம் கொட்டினோம். வீடு வரும்வரை உங்களோடு நான் பேசவில்லை. நீங்களோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வூட்ல சோறு இருக்குதா?" என்றீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று கோபப்பட்டதில் தப்பே இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஊராரையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம் எப்போது தலையெடுப்பது? ஆனாலும் வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால், "எந்தச் சரக்க மொதல்ல வித்துத் தள்றதுங்க?" என்று டிரைவர் போனில் கேட்கிறார். அந்த நேரத்தில்தான் நீங்கள் இல்லாதது அதிகமாக வலிக்கிறது.

"மலைக்காரங்களுத மொதல்ல வித்துடுப்பா. நம்மளுத அப்பறம் பாத்துக்கலாம்" என்கிறேன். சொல்லிவிட்டு, உங்களைத் திட்டிக்கொண்டே போனை வைக்கிறேன்.