ஒண்டியா தூக்குற பொட்டி

பம்பாய்,
செப்டம்பர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் சூசைநாதன் வணங்கி எழுதுறது. மாதா புண்ணியத்துல நான் சௌக்கியம். உங்க இருமல் குறைஞ்சுதுங்களா? தம்பி பொண்சாதி தெரசா வேளைக்குச் சாப்பிடுதுங்களா?

தம்பி ஆரோக்கியத்தை இண்டூர்ல அடக்கம் பண்ணிட்டு வந்த பிறகு, போன வாரம்தான் ஓட்டல்ல மறுபடி பேஸ் கிதார் வாசிச்சேன். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குற ஸ்பீக்கர் பொட்டியை ஒண்டியா தூக்கி, படியில வழுக்கிட்டேன். முழங்கால்ல சிராய்ப்புதான், பயப்படாதீங்க.

நேத்து லேசான பொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் தமிழ் ஆளு. பெரிசா ஒண்ணைக் காட்டி, "சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும். ரெண்டு பேரு தூக்கணும், அவ்வளவுதான்"னாரு.

"நான் ஒரு ஆளுதாங்க"ன்னேன். வாய்விட்டுச் சொன்னதும் அங்கயே அழுதுட்டேம்மா. அவரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாரு.

கடைசில ஒத்த ஸ்பீக்கர் பொட்டியும், கனமான வால்வெல்லாம் இல்லாத சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரும் எடுத்தேன். சத்தம் கம்மிதான், ஆனா ஒத்தக் கையில வருது.

நம்மூர் சென்னப்பன் இங்க வர்றப்போ கேப்பை மாவு குடுத்து விடுங்க. தம்பி போத்திக்கிட்டிருந்த போர்வையையும் குடுங்க. துவைக்க வேணாங்கம்மா.

ஓட்டலுக்குப் போற வேன் வந்துடுச்சு, நிறுத்துறேன்.

சூசை