ஓநாய் மேல் நின்ற முதலாளி

அன்புள்ள டோரீன்,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மனிடோபாவில் குளிர் எலும்பைக் குடைகிறது.

நேற்று ஐஸ் ஹாக்கி ஆட்ட இடைவேளையில் அணி முதலாளி எங்கள் அறைக்குள் வந்தார். தரைவிரிப்பில் உள்ள எங்கள் அணியின் ஓநாய்ச் சின்னத்தை மரியாதைக்காக எங்களில் யாரும் மிதிப்பதில்லை. அவர் ஈர பூட்ஸோடு அதன் முகத்திலேயே நின்றார். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்த கோல்கீப்பர் கேலமைக் காட்டி, "இவனை ஐஸ்ல இறக்குய்யா கோச்! டிக்கெட் வாங்கினவன் உன் மூஞ்சியப் பாக்கவா வந்திருக்கான்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல்ல ஓநாய் மேலேருந்து காலை எடுங்க. இவனை இறக்க மாட்டேன். வேணும்னா நீங்களே முகமூடிய மாட்டிக்கிட்டுப் போய் நில்லுங்க!"

பையன்கள் எல்லோரும் கைதட்டுவதற்குப் பதிலாக மட்டையால் தரையைத் தட்டினார்கள்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. கராஜில் என் காருக்கு இடம் ஒழித்து வை, வியாழக்கிழமை மூட்டை முடிச்சோடு வந்துவிடுகிறேன். சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று மட்டும் கேட்காதே.

உன் ரஸ்ஸல்