நாலு விரல் குறைந்த தடி

சேசு மரி சூசை

ஆவூர்ப் பங்கு,
12-1-1958, ஞாயிறு

மலாயா தேசத்தில் ஈப்போ பட்டணத்தில் இருக்கும் என் மருமகன் மைக்கேல்சாமிக்கு, உன் அத்தை வியாகுலமேரி நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பூசை கண்டுவிட்டு வந்த கையோடு பொய் எழுத வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். உன் அப்பா படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சாப்பிட மாட்டேன் என்கிறார். இது என்னால் வந்த வினை. சொல்லி அழ உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

மற்றபடி, கார்த்திகையில் நல்ல மழை, கண்மாய் நிறைந்தது. செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு உன் ஆத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து உன் பேரிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

சூசையப்பர் தடி உனக்கு மறந்திருக்காது. மார்ச்சு மாசத் திருநாளில் லீலிப்பூத் தடியைப் பிடித்துச் சப்பரத்துக்கு முன்னால் நடப்பது நம் வீட்டு ஆம்பிளைதானே. அப்பன் தளர்ந்தால் மகனுக்குத் தன் கையாலேயே புதுத் தடி செதுக்க வேண்டும். பூவின் நுனி அவன் உச்சந்தலைக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு நெல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆடி மாசம் உன் அப்பா என்னைக் கூப்பிட்டு, ஏத்தா வியாகுலம், முட்டி தாங்கலை, அவன் பேருக்கு ஒரு தடி செஞ்சு வச்சிட்டா எனக்கு நிம்மதி, எப்ப வாரானோ வரட்டும், அவன் உசரத்துக்கு ஒரு நூல் மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லி எழுது என்றார்.

மூன்று கடிதம் போட்டேன். வந்ததா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும். உன் அப்பா தினமும் பத்து மணிக்குத் தெருமுனையில் போய் நிற்பார். கடைசியில் தபால்கார நல்லதம்பி இவரைக் கண்டாலே சைக்கிளை வேறு சந்தில் விட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பிசாசு புத்தி வந்தது.

மத்தியானம் அவர் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குதிகாலிலிருந்து உச்சி வரைக்கும் நூலைப் பிடித்து வெட்டினேன். நீயும் அவரும் ஒரே உயரம் என்பது ஊருக்கே தெரியும். நீ கப்பலுக்குப் புறப்பட்ட அன்றைக்கு இரண்டு பேரையும் முதுகோடு முதுகு நிற்க வைத்து உன் ஆத்தா தலைமேல் முறத்தை வைத்துப் பார்த்தாள். இம்மிகூடச் சாயவில்லை. அந்த நம்பிக்கைதான். உன் பழைய கவர் ஒன்றில் நூலைப் போட்டு, அண்ணே, மைக்கேலு நூல் அனுப்பிட்டான் என்று நீட்டினேன். புரை விழுந்த கண்ணில் எழுத்து எங்கே தெரியப் போகிறது? நூலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். உதட்டில் ஒற்றி முத்தி செய்தார். படுத்திருக்கிற ஆளை அளப்பது சவப்பெட்டி செய்கிற ஆசாரிதான் என்பது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

பூவரசங் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு மாசம் செதுக்கினார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. சுற்றிலும் கொடி, சாணுக்கு ஒரு புறா, உச்சியில் ஆறு இதழோடு லீலிப்பூ. கண்ணாடிச் சில்லால் இழைத்து, சிவப்பும் பச்சையுமாக அரக்கு ஏற்றினார். என்ன சிரிப்பு, என்ன கேலி! எதிர்வீட்டு ஜெபமாலையைக் கூப்பிட்டு, ஒம் மகனைக் கொண்டாந்து நிறுத்துடி, எம் மகன் தடியில நாலாவது புறாவுக்கு எட்டுறானான்னு பாப்போம் என்பார். அவளும் விடாமல், பூவைச் செதுக்குறீக, புள்ளையைக் காணோமே என்பாள். அதற்கும் சிரிப்பார்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் வேலை முடிந்தது. பரணிலிருந்து தன் பழைய தடியை இறக்கி இரண்டையும் சுவரில் சாத்தினார். புதுசு நாலு விரல் குறைவு. நூலை வைத்து மறுபடி அளந்தார். நூலுக்குச் சரியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எம் புள்ளைய நாலு விரக்கடை தேச்சுப்புட்டானுகளே, பன்னெண்டு வருசமா என்னத்தைச் சொமக்க விட்டானுகளோ, நாந்தானே கப்பலேத்தி விட்டேன் என்று அழுதார். உன் ஆத்தா செத்தபோதுகூட அவர் வாய்விட்டு அழுததை நான் பார்த்ததில்லை.

பழைய தடிக்குப் பக்கத்தில் அவர் எழுந்து நின்றபோதுதான் கண்டேன். பூ அவர் தலைக்கு மேலே நாலு விரல் ஏறி நிற்கிறது. குறைந்தது அவர். வேட்டி தரையில் இழுபடுகிறது என்று நெசவு செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, பாவி. நிலையில் தலை இடிக்குமென்று இன்னும் குனிந்துதான் வருகிறார், நிமிர்ந்து வந்தாலும் இடிக்காது என்பது அவருக்குத் தெரியாது. வயசானால் ஆள் குறுகும் என்று அறியாதவளா நான்? தினம் சோறு போடுகிற ஆளிடம் அது என் கண்ணில் படவில்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஐம்பத்துமூன்று மணியும் உருட்டிச் செபமாலை சொல்வது அபராதம், அத்தோடு அண்ணனிடம் உண்மையைச் சொல், இனிப் பொய் நூல் வெட்ட மாட்டேன் என்று சத்தியம் செய் என்றார். செய்தேன். கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன். நூல் என் கையால் வெட்டினது என்றால், மூன்று வருஷமாக வராத உன் கடிதம் இன்னும்தான் வரவில்லை என்றும் சொல்ல வேண்டும். போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஈப்போவிலிருந்து லீவில் வந்த நம்மூர் வீரய்யா உன்னைப் பார்த்ததாகச் சொன்னான். லாரி செட்டில் இருக்கிறாயாம், தென்னை மாதிரி நிமிர்ந்துதான் நிற்கிறாயாம். அதை உன் அப்பாவிடமே சொல்ல வைத்தேன். எம் மனசு ஆறட்டும்னு சொல்றான், நூலு பொய் சொல்லுமா என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். உனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்று வீரய்யா என்னிடம் தனியாகச் சொன்னான். ஊர்ப் பேச்சை எடுத்தால் நீ எழுந்து போய்விடுகிறாய் என்றும் சொன்னான்.

அந்தப் பெண்ணைக் கட்டினால் எனக்கு மகனே இல்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் உனக்கு வந்த கடிதம் உன் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். என் கையெழுத்து உனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அவர் அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை, திறக்கிற ஆளும் இல்லை. இரண்டு மாசம் முட்டிவலியோடு உட்கார்ந்து செதுக்கினாரே, அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். உன் வீட்டுக்காரி எந்த வேதமாக இருந்தால் என்ன, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை இருக்கட்டும்.

வா என்று கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நில், உன் வீட்டுக்காரியை ஒரு நூல் பிடிக்கச் சொல். முன்னால் அனுப்பினது தப்பாக அளந்தது என்று ஒரு வரி, உன் கையெழுத்தில். தடிக்கு அடியில் பித்தளைப் பூண் போட்டு நீட்டிக்கொள்ளலாம். பாரம் சுமந்து நிஜமாகவே நீ குறைந்துபோயிருந்தால், என் தங்கமே, நாலு விரல் கூட்டி வெட்டி அனுப்பு. அந்தப் பாவத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.

சீக்கிரம் அனுப்பு, சாமி. இன்றைக்கு இரண்டு வாய்க் கஞ்சிதான் இறங்கியது.

உன் நினைவாகவே இருக்கும் அத்தை,
வியாகுலமேரி