நூற்று முப்பத்தேழு மேற்கோளும் நான்கு வரிச் சீட்டும்

அன்பு மகள் மலர்க்கொடிக்கு, காவாந்தண்டலத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மூன்று கோழிகளும் ஆண்டவர் தயவில் சுகம். நான்காவது கோழி ஈஸ்டர் வரைக்கும் சுகமாக இருந்தது. அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருந்து, காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் ஏதாவது கிண்டல் பேசி நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் பேப்பரில்.

முதலில் நல்ல செய்தி. நம் ஊர் ஜனங்களின் சிறுநீரகத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரைக்கு இன்று காலை நிலவரப்படி மேற்கோள் நூற்று முப்பத்தேழு. வேறு ஆராய்ச்சிக்காரர் யாராவது தன் கட்டுரையில் உன்னுடையதைக் குறிப்பிட்டால் ஒன்று கூடும் என்று நீ சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து, காலையில் ஜெபம், அடுத்து போனில் உன் கட்டுரைப் பக்கம், அதற்கப்புறம்தான் அங்கன்வாடிச் சாவி. பிள்ளைகளைத் தராசில் வைத்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம் ஆயிற்றே, கை சும்மா இருக்காது. போன மாதம் ஒருநாள் இரண்டு குறைந்திருந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிற மனிதர்கள் அந்தத் தொழிலிலும் உண்டு போலிருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு நாஷ்டா இறங்கவில்லை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஒன்பது பேரின் போனிலும் உன் கட்டுரையைத் திறந்து வைத்தேன், எண் அசையவில்லை. திறந்தால் ஏறாது, எழுதினால்தான் ஏறும் என்று உன் அப்பா சொன்னார், ஒன்பது போனையும் திறந்து முடித்த பிறகு சொன்னார். ஆண்டாளம்மாள் மகன் ஸ்ரீகாந்த் அமெரிக்காவில் எலியை வைத்து எழுதியதற்குத் தொள்ளாயிரமாம், ரேஷன் கடை வரிசையில் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். எலி எல்லா ஊரிலும் இருக்கிறது, எங்கள் ஊர் மூத்திரம் எங்கள் ஊரில் மட்டும்தான் என்று நானும் கேட்கிற மாதிரியே சொன்னேன். வரிசை கொஞ்சம் விலகி நின்றது.

இந்த வாய்தான் மாட்டிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நடவு முடிந்து எதிர்வீட்டுக் கனகா டீ குடிக்க வந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் நீ பிளாஸ்டிக் டப்பாவோடு வீடு வீடாகப் போனபோது எல்லாரும் வெட்கப்பட்டு ஓட, முதல் ஆளாக நிரப்பிக் கொடுத்தாளே, அவள்தான். அவளிடமும் நூற்று முப்பத்தேழை அவிழ்த்துவிட்டேன். வீங்கின காலைத் தடவிக்கொண்டே, ஏன் டீச்சர், அத்தினி பேரு எங்க மூத்திரத்தப் பத்தி எயுதிக்கினு கீறாங்கோ, எனுக்கு இன்னான்னு ஒருத்தராச்சும் எயுதினாங்களா என்று கேட்டாள். அதே மூச்சில் சுவரைக் காட்டி, அது இன்னா, ஒம் பொண்ணு வாங்கின பிரைஸா என்றாள்.

அது பிரைஸ் இல்லை. அந்தந்த ஆளிடம் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய அறுபத்து நான்கு முடிவுச் சீட்டில் ஒன்று. கவர் வந்த வாரம் ஏரி நிரம்பி அங்கன்வாடிக்குள் தண்ணீர், அந்தப் பேஜாரில் சீட்டுகளைப் பீரோவில் வைத்தவள் வைத்தவள்தான், மூன்று வருஷம் ஆகிறது. ஒன்றை மட்டும், கீழே டாக்டர் மலர்க்கொடி என்று நீ போட்ட கையெழுத்துக்காக, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு மாட்டினேன். எதைத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? மேலாகப் புரட்டிய பத்துப் பதினைந்தில் எல்லாம் ஒரே வரி இங்கிலீஷ், இதில் நான்கு வரி. நம் பிள்ளை அதிகம் பாடுபட்ட தாள் இதுதான் என்று பொறுக்கி எடுத்தேன். வீடியோவில் நீயே ஒருமுறை, பின்னால் என்னம்மா என்று கேட்டாய், உன் கையெழுத்து என்றேன், சிரித்தாய்.

இறக்கிப் பார்த்தால் மூலையில் எண் பத்தொன்பது. நீ டப்பா கொடுத்தபோது யாருக்கு எந்த எண் என்று நான் குறித்துவைத்த நோட்டைப் புரட்டினால் பத்தொன்பதுக்கு நேரே கனகா என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உன் அப்பா போனில் வைத்துத் தமிழாக்கிப் படித்தார். சிறுநீரில் புரதம் அதிகம், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, ஒரு மாதத்துக்குள் டாக்டரைப் பார்க்கவும், வலி மாத்திரை சாப்பிடக் கூடாது. நடவு நாளெல்லாம் இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு, அந்தச் சீட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் மூன்று வருஷமாக டீ குடித்தாள்.

மறுநாளே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பாதி போய்விட்டது, மாத்திரையை நிறுத்தி ஒழுங்காக வந்தால் மீதியைக் காப்பாற்றலாம் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கனகா, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கலாம் டீச்சர், இன்னும் நல்லாருந்திருக்கும் என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே நானும் அப்பாவும் மற்றச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். அறுபத்திரண்டு பேருக்கு ஒரே வரி, நலம். கனகாவுக்கு மட்டும் நாலு வரி, எனுக்கு ஒண்ணா, நானும் அதே டப்பாதானே குடுத்தேன் என்று சிட்டம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். கடைசியாக ஒன்று மிச்சம். அதிலும் நான்கு வரி. பச்சமுத்துவுடையது. உடம்பு ஊதி, போன மாசியில் செத்தாரே, அவர்தான். அதைப் பீரோவிலேயே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு அவர் சம்சாரம் வளர்மதியிடம் கொண்டுபோனேன். அப்பா படித்துக் காட்டினார். இது எப்ப வந்ததுன்னு கேட்டாள். சொன்னோம். விரல் விட்டு எண்ணினாள், ரெண்டு வருசத்துக்கு மேல டைம் இருந்துகீது என்றாள். அப்புறம், குடு டீச்சர், அவுருக்கு வந்ததுதானே என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தை மாதம் இரண்டாவது தடவை டப்பாவோடு வரப்போகிறாய். சீட்டைத் தமிழில் எழுது, உன் கையால் கொடு, என்னை நம்பித் தபாலில் அனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் கைக்கும் கண்ணுக்கும் துணையிருப்பாராக. ஒன்று மறக்காதே, வந்த அன்றைக்கே, பெட்டியை இறக்குவதற்கு முன்பே, வளர்மதி வீட்டுக்குப் போகவேண்டும். நானும் கூட வருகிறேன். பேச மாட்டேன்.

உன் அம்மா,
சா. பாக்கியமேரி