ஐந்தரை மணி நேரம்

12.06.2003 வியாழன்

விடியலிலிருந்து மழை. குடைக் கம்பி முறிந்தது. வாங்க வேண்டியது: மெழுகுதிரி, பேனா இரண்டு, அப்பாவுக்கு இருமல் மருந்து.

பத்து மணிக்கு நான் வேலை செய்யும், காசு கொடுத்து டெலிபோன் பேசும் கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்தது யார்? எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர்! இடி விழுந்து அவர் வீட்டு டெலிபோன் செத்துவிட்டதாம். மனைவி கடைசி நிலையில். குவைத்தில் இருக்கும் மகனோடு பேச வேண்டும். லைன் எடுத்துக் கொடுத்தேன்.

"தங்கச்சி, இனி மகன் இந்தக் கடைக்குத்தான் பேசுவான். சேதி வந்தா சொல்லுங்க."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. லயத்து வரிசை வீடுகளில் கிடக்கும் கொழுந்தெடுக்கிற சனத்தின் முகத்தை எப்போது பார்த்தார்?

எனக்கு அவரைத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் நான் குவைத்தில் வீட்டு வேலை. இங்கே அம்மா செத்த அன்று மலையில் கொழுந்து மண்டிக் கிடந்ததாம். பிரேதம் எடுக்கும் வரை லயத்தில் ஒருவரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள். இந்த ஆள் அப்பாவிடம் வந்து, "குவைத்து மூணு நாள் தூரம். மக வந்து சேர மாட்டா, இன்னைக்கே எடுத்துரு" என்றார். அப்பா நம்பினார். அவருக்குத் தெரிந்த பெரிய பயணம், தன் தம்பி தலைமன்னாரில் கப்பலேறி, பிறகு ரயிலில் திருச்சி போனது. அதுவும் மூன்று நாள். எனக்குச் செய்தி வந்தபோது அம்மா மண்ணுக்குள்.

ஒப்பந்தம் முடிந்து வரும்போதுதான் பார்த்தேன். நாலாயிரத்து நூறு கிலோமீட்டர் என்று விமானத்துத் திரையில் காட்டினார்கள். ஐந்தரை மணி நேரம். ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலிருந்து இந்த மஸ்கெலியா வரவும் கிட்டத்தட்ட அதே நேரம். பாவி! அப்பாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

13.06.2003 வெள்ளி

மழை விடவில்லை. காலையில் கிளாக்கர் மனைவி போய்விட்டார். எட்டு மணிக்குக் கிளாக்கர் கடைக்கு வந்து மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மகன் போனில். "அக்கா, டிக்கெட் கெடச்சிருச்சு. ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டேன், இனிப் பேச முடியாது. நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். அதுவரைக்கும் அம்மாவ எடுத்துற வேணாம்னு சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

காகிதத் துண்டில் எழுதி மடித்து வைத்தேன். இனித்தது. ஆமாம், இனித்தது.

நாலு மணிக்குக் கிளாக்கர், நனைந்த வேட்டியோடு. "மகன் பேசுனானா? சொந்தக்காரங்க நாளைக்குக் காலையிலேயே எடுத்துரணுங்கிறாங்க."

"எதுக்குங்கையா காத்திருக்கீங்க? குவைத்து மூணு நாள் தூரமாச்சே."

"என்ன பேச்சு இது? அஞ்சரை மணி நேரந்தானே! மகன் பத்து வருசமாப் போய் வந்துக்கிட்டிருக்கான்."

அன்று அப்பாவிடம் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்! தெரியாமல் சொல்லியிருப்பாரோ என்று இத்தனை நாள் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துண்டைக் காட்டினேன், கொடுக்கவில்லை.

"நான் மாடசாமி மக. இப்ப சொன்னத எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க. அப்புறம் தாரேன்."

வந்தார். லயத்து வாசலில், மழையில், அத்தனை பேர் முன்னால் சொன்னார். துண்டை இரண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சு குளிர்ந்தது.

14.06.2003 சனி

வெயில். துணி காயப் போட்டாயிற்று. மகன் பன்னிரண்டரைக்கு வந்து தாய் முகத்தைப் பார்த்துவிட்டானாம். பார்க்கட்டும்.

இருமல் மருந்து மறந்தே போனது. அப்பா நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை. கிளாக்கரைக் கண்டபடி திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒங்கம்மாவ ஒரு நாள் வச்சிருந்தா நீ வந்திருப்பியாம்மா?"

சோற்றைப் போட்டு முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"நாந்தானே அன்னைக்கே எடுக்கச் சொன்னேன்."