கீப்பர் கத்தினாளா?

12, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகை மூன்று தடவை அள்ளி உள்ளே கொண்டுவந்தோம். மூன்றாவது தடவை வெயில் வந்துவிட்டது. கிளவுஸ் கழுவியாயிற்று, இன்னும் ஈரம்.

நேற்று கால்பந்தில் தோற்றோம். பல்லேபொல அணி 1, நாங்கள் 0. அந்த ஒன்றையும் அவர்கள் அடிக்கவில்லை. எங்கள் தர்ஷினிதான் அடித்தாள், எங்கள் வலைக்குள்ளேயே. கீப்பர் நான்.

தர்ஷினி அழுதுகொண்டே இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் சீட் கிடைத்தும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று இரண்டு தடவை போன் எடுத்தேன். அவளுடைய அம்மா பேசினார். "தூங்குறா புள்ள." பகல் பன்னிரண்டு மணிக்கா?

வாப்பா முதல் தடவையாக மெச் பார்க்க வந்திருந்தார். கூடவே பசாரில் அவருடைய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "ஒன்ட மேல பிழையில்ல மகள். அந்தப் புள்ளதான் அவசரப்பட்டிச்சு." உம் என்றேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். பந்து எனக்கு வந்த பந்து. "கீப்பர்!" என்று நான் கத்தவேண்டும், அவள் விட்டுவிடவேண்டும். அதுதான் பழக்கம். வாயைத் திறந்தேன். கோட்டோரம் வாப்பாவும் அந்த இரண்டு பேரும். வாய் தானாக மூடிக்கொண்டது. பின்னால் ஆளில்லை என்று நினைத்து அவள் காலை நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே பட்டு உள்ளே போனது.

யாருக்கும் தெரியாது. கூட்டத்தின் சத்தத்தில் நான் கத்தியது கேட்கவில்லை என்று அவளே மைதானத்தில் சொன்னாள்.

13, திங்கள்

வெயில். தர்ஷினி வந்தாள். இன்டர்வலுக்கு வேறு பிள்ளைகளோடு போய்விட்டாள். பி.டி. மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள், சனிக்கிழமை தம்புள்ளை அணியோடு விளையாட வரமாட்டாளாம். நாங்கள் எண்ணிப் பதினொரு பேர். வெல்லாவிட்டால் மாகாணப் போட்டி இல்லை.

மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த திங்கள் காலைக்கூட்டத்தில் பேச்சு. தலைப்பு: பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தின் வரலாறு.

"ஏன் மிஸ் நான்?"

"மத்த பத்துப் பேரும் ஓடிக் களைச்சுப் போறாங்க. நீ நிக்கிறவ தானே."

நன்றி மிஸ்.

வாங்க வேண்டியவை: A4 தாள், ஸ்கார்ஃப் பின், நானாவுக்கு சோன்பப்டி (தங்கைக்குப் போன் இரவல் தருவதற்குக் கூலி).

14, செவ்வாய்

நானாவின் போனில் தேடியது:

2008 நியூசிலாந்து. முதல் போட்டி. வென்றது வட கொரியா.
2010 டிரினிடாட். தென் கொரியா.
2012 அசர்பைஜான். பிரான்ஸ். (எங்கே இருக்கிறது அசர்பைஜான்? அட்லஸ் பார்க்க.)
2014 கோஸ்டா ரிக்கா. ஜப்பான்.
2016 ஜோர்தான். மறுபடி வட கொரியா.
2018 உருகுவே. ஸ்பெயின்.
2020 கொரோனா. ரத்து. பாவம் அந்த வயதுக்காரிகள், அடுத்ததற்குள் வயது தாண்டியிருக்கும்.
2022 இந்தியா. இறுதிப்போட்டி விவரம் நாளை தேட. இவ்வளவு பக்கத்தில் நடந்தும் எனக்குத் தெரியாது!
2024 டொமினிக்கன் குடியரசு. 2025 மொரோக்கோ. இரண்டும் வட கொரியா. ஆக நான்கு தடவை. என்னதான் சாப்பிடுகிறார்களோ.

இப்போது வருடாவருடம் நடக்கிறது. இலங்கை இதுவரை ஒரு தடவையும் போனதில்லை. இதைப் பேச்சில் சொல்வதா விடுவதா?

ஜோர்தானில் ஸ்கார்ஃபோடு விளையாடிய பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். உம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "நல்லா இறுக்கிக் கட்டியிருக்கு. பின் எங்க குத்தியிருக்கு?" எனக்கும் அதுதான் சந்தேகம்.

15, புதன்

கிடைத்துவிட்டது! 2022 இறுதிப்போட்டி. ஸ்பெயின் 1, கொலம்பியா 0. அந்த ஒரு கோலும் கொலம்பியாப் பிள்ளை ஒருத்தி தன் வலைக்குள்ளேயே அடித்தது. உலகக் கிண்ண இறுதியில்! முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது!

தாளில் எழுதிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். இன்டர்வலில் தண்ணீர்க் குழாயடியில் தர்ஷினி சாப்பாட்டுப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வாங்கி வாசித்தாள்.

"அந்தப் புள்ள பொறகு என்ன ஆனா?"

"தெரியாது. தேடிப் பாக்குறேன்."

இன்னொரு தடவை வாசித்தாள். "கீப்பர் கத்துனாளா?"

"என்னது?"

"அந்தக் கொலம்பியா கீப்பர். கத்துனாளா இல்லையா? கத்தியும் இவ அடிச்சிருந்தா இவ பிழை. என்னைய மாதிரி."

அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு நிமிடம் இருந்தது, மணிகூட அடித்தது.

"தர்ஷி, நான் கத்தல்ல. வாப்பா நின்னாரு. வெக்கமா போச்சு."

பெட்டியை மூடினாள். தாளைத் திருப்பித் தந்தாள். "நாலு நாளா நான் தூங்கல்லடி," என்றாள். போய்விட்டாள்.

16, வியாழன்

தர்ஷினி பேசவில்லை. என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்புகிறாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கொலம்பியாப் பிள்ளையைத் தேடினேன். அடுத்த வருடமே பெரிய பெண்கள் உலகக் கிண்ணத்தில் இருக்கிறாள். ஜமைக்காவோடு நடந்த மெச்சில் விழுந்தது ஒரே கோல், அதற்குப் பந்து அனுப்பியது அவள்தான். கொலம்பியா காலிறுதிக்குப் போனது. துண்டுத் தாளில் எழுதி தர்ஷினியின் கொம்பஸ் பெட்டிக்குள் வைத்தேன். பெயர் போடவில்லை. என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா என்ன.

கடையில் வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கராம்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் நிண்டதுக்கா?"

"ம்."

"அப்ப சனிக்கிழம நான் வரல்ல."

"இல்ல வாப்பா, வாங்க."

தராசிலிருந்த கராம்பைப் பையில் கொட்டினார். பிறகு: "நான் நாள் முழுக்க லொறிக்காரங்களோட கத்துறேன். அது என்ட தொழில். கத்துறது ஒன்ட வேலையெண்டா கத்து மகள். நான் ஏன் வெக்கப்படப் போறேன்?"

ஒரு கராம்பு தந்தார், வாயில் போட. எனக்கு வாப்பாவை ரொம்பப் பிடிக்கும்.

17, வெள்ளி

மூன்று மணிக்குப் பயிற்சி. தர்ஷினி பூட்ஸோடு வந்து நின்றாள்!

"ஒன் பேப்பருக்காக வரல்ல. பதினோரு பேர் வேணும்ல."

தன் இடத்தில் நின்றாள். பந்து வந்தது. இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவே இல்லை. கோல். அடுத்ததும் அப்படியே. கோல். மிஸ் விசில் ஊதினார். "தர்ஷினி, என்ன சத்தியாக்கிரகமா?"

"கீப்பர் சொல்லாம தொடமாட்டேன் மிஸ்."

மூன்றாவதற்குக் கத்தினேன். "கேக்கல்ல," என்றாள். நான்காவதற்கு மைதானத்து நாய் எழுந்து ஓடியது.

"ஆ, இது கேட்டிச்சு."

18, சனி

வென்றோம். 2-1. மாகாணப் போட்டி!

வாப்பா வந்தார், அதே இரண்டு பேரோடு. கடைசி ஐந்து நிமிடம், போன சனிக்கிழமை மாதிரியே ஒரு பந்து. அதே பக்கம், அதே உயரம். தர்ஷினி பந்தைத் துரத்திக்கொண்டு என் பக்கம் ஓடி வருகிறாள். "கீப்பர்ர்ர்!" என் குரல் என்று எனக்கே நம்பிக்கையில்லை. அவள் அப்படியே குனிந்தாள். பந்து என் நெஞ்சில். கோட்டோரம் கடைக்காரர் ஒருவர் பிளேன்டீயைத் தன் சாரத்தில் கொட்டிக்கொண்டார்.

முடிந்ததும் தர்ஷினி காதைத் தடவிக்கொண்டு வந்தாள். "செவிடாப் போச்சுடி." கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும் வரை விடவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாப்பா உம்மாவிடம்: "பசார் வரைக்கும் கேட்டிருக்கும்." எவ்வளவு பெருமை அந்த முகத்தில்!

19, ஞாயிறு

குரல் போய்விட்டது. சுத்தமாக. கொத்தமல்லித் தண்ணீர் மூன்று தடவை. உம்மா: "இனியாவது வீட்டில நிம்மதி." பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது வெறும் காற்று.

நாளை பேச்சு!!

20, திங்கள்

கைச்சாடையில் மிஸ்ஸிடம் விளக்கினேன். தர்ஷினி என் கையிலிருந்து தாளைப் பறித்தாள். "நான் வாசிக்கிறேன்."

நன்றாக வாசித்தாள். அசர்பைஜானில் மட்டும் தடுக்கினாள். இலங்கை இன்னும் போகவில்லை என்பதையும் விடாமல் வாசித்தாள். 2022 வந்ததும் நிறுத்தி, தாளை மடித்தாள். அதற்குப் பிறகு சொன்னது நான் எழுதியதல்ல.

"அந்த மெச்சில கீப்பர் கத்துனாங்களா இல்லையானு எங்கயும் எழுதல்ல. ஆனா எங்க கீப்பர் கத்துனா. அதனாலதான் இத நான் வாசிக்கிறேன்."

கூட்டம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சிரித்தேன், அதற்கும் சத்தம் வரவில்லை.